செலோடேப் ஒட்டிய இடம்

தேவானை இஸ்திரிப் பெட்டியைச் செங்கல் மேல் ஏற்றி வைக்கிறாள். இடுப்பில் செருகிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, துணி மூட்டைக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கும் கைபேசியில் ஒரு தட்டுத் தட்டுகிறாள். படம் நிற்கிறது. லாரி டிரைவராக வரும் கதாநாயகன் வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நிற்கிறான். அவள் திரும்பி, வண்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கணவர் துரைராஜைப் பார்க்கிறாள்.

“ம். உன்னுதுதான். சொல்லுய்யா.”

துரைராஜின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. வலது கை மடியில் கிடக்கிறது. தண்ணீர் வேண்டுமென்று கேட்க வராது அவருக்கு, மனைவியின் பெயர் வராது. தொண்டையில் ஏதோ உருள்கிறது. பிறகு அந்த மனிதரிடமிருந்து, கணீரென்று, மேடையில் நிற்கிறவர் குரலில் வருகிறது: “என் லாரிக்கு பிரேக் இல்லாம இருக்கலாம் முதலாளி. என் கைக்கு இருக்கு. அதனாலதான் நீங்க இன்னும் நின்னு பேசிக்கிட்டிருக்கீங்க.”

“கரீட்டு” என்று சொல்லிவிட்டு தேவானை மறுபடி தட்டுகிறாள். கதாநாயகன் அதே வசனத்தைச் சொல்கிறான். துரைராஜ் அளவுக்கு நன்றாகச் சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம்.

மயிலாப்பூர்க் குளத்திலிருந்து மந்தைவெளிப் பக்கம் இறங்கும் தெருக்களில் ஒன்றில் எங்கள் குடியிருப்பு இருக்கிறது. வாசலில் ஒரு வாதாம் மரம். அதன் நிழலில் இந்த இஸ்திரி வண்டி. வண்டி என்பது பெயருக்குத்தான். சக்கரம் உருண்டு வெகுகாலமாகிறது. தெருவுக்குத் தார் போட வந்தவர்கள்கூட அதைத் தள்ளச் சொல்லிப் பார்த்து, முடியாமல், அதைச் சுற்றித் தார் போட்டுவிட்டுப் போனார்கள். மழைக்கு ஒரு நீலத் தார்ப்பாயும், வெயிலுக்கு வாதாம் மரமும் அவர்களுக்குக் கூரை.

தேவானைக்கு அறுபது வயது இருக்கலாம். புடவைக்கு மேல் ஆண்பிள்ளை முழுக்கைச் சட்டை போட்டிருப்பாள். எந்த வீட்டுச் சட்டையோ, கேட்பாரில்லாமல் வண்டியிலேயே தங்கிப்போனது. பித்தளைப் பெட்டியில் கரியை அள்ளிப் போட்டு விசிறுவாள். பிறகு பெட்டியைத் தூக்கிக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பாள். முதல் தடவை பார்ப்பவர்களுக்குப் பகீரென்றிருக்கும். கன்னத்தில் ஒரு தழும்பும் கிடையாது, தழும்பெல்லாம் முன்கையில்தான்.

மனிதர்களின் பெயர் அவளுக்கு நிற்காது, துணிதான் நிற்கும். முதல் மாடி ஜானு மாமி அவளுக்கு ‘ஒம்போது கெஜம்’. நான் ‘காலர் கியிஞ்ச சார்’. இந்தப் பட்டம் காதில் விழுந்த பிறகு ரோஷப்பட்டு இரண்டு புதுச் சட்டை வாங்கினேன். பட்டம் மாறவில்லை.

அதே மாதிரி, மணி கேட்டாலும் சொல்ல மாட்டாள். சட்டை எப்போது கிடைக்கும் என்றால், “லாரி கவுந்தப்பறம் வாங்க சார், ரெடியா இருக்கும்” என்பாள். அவசரம் என்றால், “பஞ்சாயத்து முடியறதுக்குள்ள குட்த்துடறேன்.” புதிதாகக் குடிவந்தவர்கள் இதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து, அந்த அம்மாவுக்கு ஏதாவது கோளாறா என்று விசாரிப்பார்கள். கோளாறு ஒன்றுமில்லை. வண்டியில் காலையில் ஆரம்பிக்கிற படத்தில் பஞ்சாயத்துக் காட்சி முன்னால் வரும், சாப்பாட்டு வேளை நெருங்கும்போது லாரி கவிழும். நிறுத்தி நிறுத்தி ஓடுவதால் படம் முடிய சாயந்திரம் ஆகிவிடும். மறுநாள் காலை மறுபடி முதலிலிருந்து. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதுவே இப்போது மணிக்கூண்டு.

ஜானு மாமிக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. ஒருநாள் புடவையை வாங்க இறங்கியவர் நின்றுகொண்டே கேட்டார். “ஏம்மா தேவானை, தெனம் அதே லாரி, அதே அழுகை. அலுக்கவே அலுக்காதா? நல்லதா ஒரு ஸ்தோத்ரம் போடப்படாதோ? அவரும் கேட்டுண்டிருப்பாரே.”

“எத்தப் போட்டாலும் அவுருக்கு வாய்ல இதான் மாமி வருது.”

“என்னமோ போ. ஆத்துல ரசம் வச்சுண்டிருக்கேன், என் வாயிலயும் அந்த லாரி வசனம்னா வர்றது” என்று சொல்லிவிட்டு மாமி படியேறினார். அதற்கப்புறம் அவர் புகார் சொன்னதாக நினைவில்லை.

படத்தின் பெயரை எழுதக் கூடாது என்பது தேவானை எனக்குப் போட்ட நிபந்தனை. “பேரு போட்டீங்கன்னா நாலு பேரு தேடிப் பாப்பாங்க. பாத்துட்டு, ‘இன்னா படம் இது, ஒரே அயுவாச்சி’ன்னுவாங்க. எங்க படத்த அடுத்தவன் எதுக்கு சார் திட்டணும்?” நியாயம்தான். நானும் ஒருநாள் முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தேன். அந்த நாலு பேர் சொல்லப்போவதில் ஒரு தப்பும் இல்லை.

இனி துரைராஜின் கதைக்கு வர வேண்டும். அவர் இளவயதில் பட்டினப்பாக்கத்தில் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்த்தார். கல்யாணம், காதுகுத்து, ஆடிக் கூழ் என்று எந்த விசேஷமானாலும் மரத்தில் ஏறிக் குழாய் ஒலிபெருக்கி கட்டுவது அவர் வேலை. விடியும்போது பக்திப் பாட்டு. பிறகு சினிமாப் பாட்டு. பந்தி முடிந்து ஜனம் பாயில் சாய்ந்ததும் ஏதாவது ஒரு படத்தின் கதை வசனக் கேசட். பாட்டையெல்லாம் எடுத்துவிட்டு, படம் முழுவதையும் பேச்சாகவே கேசட்டில் போட்டு விற்ற காலம் அது. படத்தைக் கண்ணால் பார்க்காமல், காதால் கேட்டே மூக்கைச் சிந்திய ஊர் இது. இன்றைக்குச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

கல்யாணமான புதிதில் துரைராஜும் தேவானையும் அந்தப் படத்தைத் தியேட்டரில் போய்ப் பார்த்தார்கள். ஒரே ஒரு தடவைதான். மறு தடவை பார்க்கலாமென்று போனபோது படத்தைத் தூக்கிவிட்டார்கள். கதை இதுதான். லாரி டிரைவருக்கும் அவன் மனைவிக்கும் ஓயாத சண்டை. ஒருநாள் அவள், “நான் போறேன். இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுக் கைக்குழந்தையோடு தாய்வீடு போகிறாள். போன இடத்தில் குழந்தை காய்ச்சல் கண்டு இறந்துபோகிறது. அவன் பைத்தியக்காரனாக ஊர் ஊராக அலைகிறான். கடைசியில் அவள் வெறுங்கையோடு வாசலில் வந்து நிற்கும்போது அவன் ஒன்றுமே கேட்பதில்லை. தட்டை நீட்டி, “சோறு போடு, பசிக்குது” என்கிறான். அதற்கப்புறமும் படம் வெகுநேரம் ஓடுகிறது. அது நமக்கு வேண்டாம்.

“கொய்ந்த செத்த சீன்ல நான் அயுத அயுவயில பின்னாடி சீட்டுக்காரன் எயுந்து கத்தறான் சார்” என்பாள் தேவானை. “இவுரு என்னை இட்டுக்கினு வெளிய வந்து, முறுக்கு வாங்கிக் குட்த்து, அது முடிஞ்சப்பறம் உள்ள இட்டுக்கினு போனாரு.”

பிறகு மைக் செட் முதலாளி அதே படத்தின் கதை வசனக் கேசட்டை வாங்கினார். ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில் டேப்ரிக்கார்டர் அதை மென்றுவிட்டது. நாடா பந்து பந்தாக வெளியே வந்தது. துரைராஜ் கசங்கிய நாடாவையெல்லாம் கத்தரித்து எறிந்துவிட்டு, மிச்சமிருந்த இரண்டு முனைகளையும் செலோடேப் வைத்து ஒட்டினார். ஒட்டுப்போட்ட கேசட்டை விசேஷத்துக்குப் போட முடியாது. முதலாளி அதை அவருக்கே கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர்கள் வீட்டுக் கேசட்டில் கதை வேறாகிவிட்டது. கதாநாயகி “நான் போறேன். இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன்” என்பாள். செலோடேப் ஒட்டிய இடத்தில் ‘க்ளக்’ என்று ஒரு சத்தம். உடனே கதாநாயகன், “சோறு போடு, பசிக்குது.” தாய்வீடு, காய்ச்சல், அலைச்சல் எல்லாம் போயே போய்விட்டது. நாடாவின் மறுபக்கத்திலும் அதே அளவு போயிருக்கும் அல்லவா? அங்கே படத்தில் வரும் முதலாளி தான் செய்த தப்பு என்னவென்றே நமக்குச் சொல்லாமல் அடி வாங்குவார்.

“எங்க கேசட்டுல அந்தக் கொய்ந்த சாவல சார். இன்னிக்கும் உசுரோடதான் கீது” என்று தேவானை என்னிடம் சொன்னபோது அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. “மிசினு துன்னுட்ச்சின்னு ஓனராண்ட சொன்னாரு. என்னாண்ட, ‘உனுக்கோசரம்தாம்மே அறுத்தேன்’னாரு. எது நெசமோ.”

சண்டையில்லாத வீடு எங்கே இருக்கிறது? அவர்கள் வீட்டில் அது சற்றுத் தாராளமாகவே இருந்தது. தனக்கு வாய் நீளம் என்பதைத் தேவானையே ஒப்புக்கொள்வாள். சண்டை முற்றும்போது அவள் வழக்கமாகச் சொல்வது, “நான் போறேன்யா. இனிமே உன் மூஞ்சில முயிக்க மாட்டேன்.” சொல்லி வாய் மூடுவதற்குள் துரைராஜ் நாக்கை மடித்து ‘க்ளக்’ என்பார். எவர்சில்வர் தட்டை எடுத்து நீட்டுவார். “சோறு போடும்மே, பசிக்குது.”

அத்தோடு சண்டை முடிந்தது. அதற்கு மேல் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. இப்படியொரு சட்டத்தை அவர்கள் உட்கார்ந்து பேசிச் செய்யவில்லை, தானாக வந்து நின்றுவிட்டது. மகள் அன்புச்செல்வி பிறந்தாள். மைக் செட் கடையை முதலாளி மூடிவிட, இருவரும் இந்த இஸ்திரி வண்டியைப் போட்டார்கள். அவர்கள் குடியிருந்த ஆற்றோரத்துக் குடிசைகளை அரசாங்கம் எடுத்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஊருக்கு வெளியே போனார்கள். பிழைப்பு இங்கேதான் என்று இவர்கள் மட்டும் மந்தைவெளி ரயில் பாலத்துக்குப் பின்னால் ஓர் அறையைப் பிடித்தார்கள். கேசட் பூஞ்சணம் பூத்துக் குப்பைக்குப் போனது. சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. எத்தனையோ நாள் நானே மாடியிலிருந்து கேட்டிருக்கிறேன். கீழே காது கூசுகிற மாதிரி ஒரு கூச்சல், ஒரு ‘க்ளக்’, பிறகு தட்டுச் சத்தம்.

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு காலை. நான்காவது மாடிக்காரரின் பட்டு ஜிப்பாவின் மேல் துரைராஜ் பெட்டியை வைத்தவர் எடுக்கவில்லை. கருகல் வாசனை வந்து தேவானை ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடுங்கியபோது ஜிப்பாவின் முதுகில் பெட்டி அளவுக்குப் பழுப்பாகிவிட்டது. அவள் வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினாள். “இனிமே உன் மூஞ்சில முயிக்க மாட்டேன்” என்பதில் கொண்டுபோய் முடித்தாள். அவர் ‘க்ளக்’ என்று சொல்லவில்லை. அவளையே பார்த்தார். அந்த அழுத்தத்தில் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஜிப்பாவைச் சுருட்டிக்கொண்டு நாலாவது மாடிக்கு மன்னிப்புக் கேட்கப் போனாள். இறங்கி வந்தபோது அவர் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து தரையில் கிடந்தார்.

“கைய எடுய்யா, எடுய்யான்னு கத்தறேன், எடுக்க மாட்டேன்றாரு. கொயுப்புன்னு நெனச்சிட்டேன் சார். அந்தக் கை அப்பவே செத்துப் போய்க்கினு இருந்துக்கீது. எனுக்கு எப்படித் தெரியும்?”

பக்கவாதம். தேவானை அழுதுகொண்டே திரும்பத் திரும்பச் சொல்வது இன்னொன்று உண்டு. சாப்பாட்டுத் தட்டு எப்போதும் வண்டி ஆணியில் மாட்டியிருக்கும். அன்று அது துரைராஜுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. “அவுரு எடுத்தாரா, வியுந்தப்ப கை பட்டு வியுந்துச்சா? அத்த யாராண்ட கேக்கறது?” கேட்க வேண்டிய ஆளுக்குத்தான் பேச்சு போய்விட்டதே. அவளைப் பொறுத்தவரை அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. முடித்து வைக்க வேண்டியவர் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மஹதி என்ற பெண், அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஏதாவது இருந்தால் போட்டுக் காட்டச் சொன்னாளாம். தேவானை அதை எனக்கு விளக்கிய விதம் இது: “பேசற ரூமு பூட்டிக்கிச்சாம் சார். மனப்பாட ரூமு தொறந்துதான் கீதாம். அது வயியா உள்ள பூந்து பாக்கலாம்னுச்சி அந்தப் பொண்ணு.” தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு புடவை விரித்துப் போடும் அன்புச்செல்வி, தன் பழைய கைபேசியைக் கொடுத்து, அந்தப் படத்தையும் தேடி எடுத்துக் கொடுத்தாள். ஏதோ ஒரு தொலைக்காட்சியில் ஓடியதை யாரோ பிடித்துப் போட்ட மங்கலான பிரதி. முதல் நாளே முதலாளியிடம் சவால் விடும் இடத்தில் துரைராஜ் கதாநாயகனோடு சேர்ந்து பேசினார். தேவானை கையிலிருந்த புடவையைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். தெருவே கூடிவிட்டது.

அதற்கப்புறம்தான் நிறுத்திப் பேச வைக்கும் பழக்கம் வந்தது. அவர் சில வசனங்களைச் சரியாகச் சொன்னார், சிலவற்றை முழுங்கினார். ஆனால் அவள் காத்திருந்த இடத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கதாநாயகி ‘முழிக்க மாட்டேன்’ என்றதும் அவள் படத்தை நிறுத்துவாள். அவர் தலையை லேசாகச் சாய்ப்பார், ஏதோ சத்தத்துக்குக் காத்திருக்கிற மாதிரி. ஒன்றும் வராது. படத்தை ஓட விட்டால் தாய்வீடு, மழை, காய்ச்சல், குழந்தை. அவர் முகத்தில் குழப்பம் வந்துவிடும். இந்தக் கதை அவருக்குத் தெரியாது.

“அவுரு மேல தப்பு இல்ல சார்” என்றாள் தேவானை. “படம் தப்பு. எங்க கேசட்டுல இது கெடையாது.”

விரலால் படத்தைத் தள்ளித் தாண்டிப் பார்த்தாள். ஒருநாள் அதிகமாகத் தாண்டும், ஒருநாள் குழந்தையின் பிணத்தின் மேலேயே போய் நிற்கும், ஒருநாள் நடுவில் சோப்பு விளம்பரம் வரும். சோப்பு விளம்பரம் வந்த அன்று அவள் கைபேசியைத் தூக்கி மூட்டையில் எறிந்ததைப் பார்த்தேன். சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் அவளை மந்தைவெளி மார்க்கெட் பக்கத்தில் கைபேசிக் கடை வைத்திருக்கும் ஆசிஃப் பாயிடம் கூட்டிப்போனேன். தலை நரைத்த மனிதர், கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பழக்கம். அவர் படத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

“இதுதாம்மா படத்தோட உயிரே. இதை எடுத்துட்டா கதையே புரியாதே?”

“எங்களுக்குப் புரியும் பாய். வெட்டுங்க.”

வெட்டினார். போட்டுக் காட்டினார். தேவானை உதட்டைப் பிதுக்கினாள். ‘க்ளக்’ இல்லை. அது என்ன சத்தம் என்று அவருக்குப் புரியவைக்க நானும் அவளும் பட்டபாடு தனிக்கதை. கடைசியில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வெளிச் சத்தம் அடங்கிய நேரம் பார்த்து, தேவானை மைக்குக்குப் பக்கத்தில் குனிந்து நாக்கை மடித்து ஒரு ‘க்ளக்’ போட்டாள். ஆசிஃப் பாய் அதைச் சரியான இடத்தில் பொருத்தினார். அன்று அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

அது பலிக்கவில்லை. ‘க்ளக்’ கேட்டதும் துரைராஜ் தலையை நிமிர்த்துவார், உதடு அசையும், அவ்வளவுதான். சில நாள் இடது கை மட்டும் மடியிலிருந்து கொஞ்சம் எழும்பித் திரும்ப இறங்கும். “வந்துக்கினு கீது சார், வாய் வரிக்கும் வந்துட்ச்சி” என்பாள் தேவானை. நானும் ஆமாம் என்பேன். வேறு என்ன சொல்ல?

இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் நான் எழுதிய காட்சி ஐப்பசியில் பார்த்தது. கார்த்திகை மழையில் அவருக்கு வாதம் இன்னொரு தடவை வந்துவிட்டது. சின்னதுதான் என்றார்கள் ஆஸ்பத்திரியில். திரும்பி வந்தவரிடம் முதலாளி வசனம் இல்லை. பஞ்சாயத்து வசனமும் இல்லை. தேவானை ஒவ்வொரு இடத்திலும் பழையபடி நிறுத்தினாள், காத்திருந்தாள், அவருக்கு வராத இடத்தில் தானே சொல்லிவிட்டு மேலே ஓட்டினாள். படம் முன்பைவிடச் சீக்கிரம் முடிந்தது. தெருவில் எங்கள் மணிக்கணக்கெல்லாம் தப்பிப்போயிற்று.

மார்கழியில் அன்புச்செல்வி வந்து அப்பாவைப் பெரும்பாக்கத்துக்குத் தன் வீட்டுக்கு அழைத்துப்போவதாகச் சொன்னாள். நான் துணி கொடுக்கப் போனபோது அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

“நீ வண்டியப் பாப்பியா, அவரப் பாப்பியா? என் மாமியாரு ஊட்லதான் கீறாங்க, பாத்துக்குவாங்க. ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம நீ வந்து பாரு.”

“இன்னும் கொஞ்ச நாளு.”

“எதுக்கு? அந்தப் படத்துக்கா? அப்பா ஒரு வாய் சோறு முயுங்க மாட்டேன்றாரும்மா. நீ ‘சொல்லு சொல்லு’ன்னு அவர உசுர வாங்கினு கீற.”

வாய் நீளம் என்று பெயர் வாங்கிய தேவானை கரியையே விசிறிக்கொண்டிருந்தாள். கடைசியில், “ஒரே ஒருவாட்டி சொல்ட்டும். அப்பறம் இட்டுக்கினு போ” என்றாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேருந்து பிடிக்கப் போனாள். அவளையும் குறை சொல்ல முடியாது. பேச்சு இழுபட்டுக்கொண்டே போய்க் கடைசியில் பொங்கல் கழிந்த ஞாயிறு என்று முடிவாகிவிட்டது. அவர் ஒருவாட்டிகூடச் சொல்லியிருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ஆட்டோ கொண்டுவருவதாக அன்புச்செல்வி சொல்லியிருந்தாள். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அவசரமே இல்லாத ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு கீழே போனேன். துரைராஜுக்கு முகம் மழித்து, தலை வாரி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கட்டைப்பையில் அவருடைய துணிகள், எல்லாம் இஸ்திரி போட்டவை. ஆணியில் தட்டு தொங்கியது.

“லாரி கவுந்துட்ச்சா?” என்று கேட்டேன், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

“இப்பத்தான் சார்.” என் சட்டையை வாங்கிப் பலகையில் விரித்து, தண்ணீர் தெளித்து, பெட்டியை ஓட்ட ஆரம்பித்தாள். கைபேசியில் சண்டை தொடங்கியது. கதாநாயகி பாத்திரத்தைப் போட்டு உடைத்தாள். ‘நான் போறேன்’ வசனத்துக்கு முந்தின வாக்கியம் வரும் சமயத்தில் தேவானை இடது கையால் தட்டிப் படத்தை நிறுத்தினாள். வழக்கமாக நிறுத்துகிற இடம் அது இல்லை. கதாநாயகியின் வசனத்தைத் தானே சொல்லிப் பார்க்க நினைத்தாளோ என்னவோ. துரைராஜின் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தாள், ஆனால் அவளுக்கு அது வரவில்லை. ஆடி மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தைகளை அவள் அவரிடம் சொன்னதே இல்லை.

வசனம் அவரிடமிருந்து வந்தது.

“நான் போறேன்யா” என்றார் துரைராஜ். குரலில் கணீரெல்லாம் இல்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. “இனிமே... உன் மூஞ்சில... முயிக்க மாட்டேன்.”

படத்தில் கதாநாயகி பேசுவது அப்படி இல்லை. அது தேவானையின் பேச்சு, தேவானையின் இழுப்பு. அன்றைக்குக் காலையில் கையில் ஜிப்பாவோடு அவள் கத்தியது. அவருக்குள்ளே கடைசியாகப் பூட்டப்படாமல் கிடந்தது அதுதான் போலிருக்கிறது. சொல்லிவிட்டு அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. பதில் வரும் என்று எதிர்பார்க்கிறவர் மாதிரி தலையை லேசாகச் சாய்த்திருந்தார்.

தேவானை அசையாமல் நின்றாள். பெட்டி என் சட்டையின் மேலேயே இருந்தது. முதலில் லேசாகப் புகைந்தது, அப்புறம் கருகல் வாசனை வந்தது. சட்டை போனால் போகட்டும் என்றிருந்தேன். தெருமுனையில் ஓர் ஆட்டோ ஒலியெழுப்பித் திரும்பி எங்களை நோக்கி வந்தது.

அவள் பெட்டியைத் தூக்கிச் செங்கல் மேல் வைத்தாள். நாக்கை மடித்து ‘க்ளக்’ என்றாள். ஆணியிலிருந்து தட்டை எடுத்தாள். அதில் ஒன்றுமில்லை. அந்த வெறும் தட்டை இரண்டு கையாலும் பிடித்து அவர் முன்னால் நீட்டினாள்.